பிஎச்.டி.க்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு முனைவர் பட்டப் படிப்புக்காக இரண்டு ஆண்டுகள் விண்ணப்பித்தவன் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் முதுகலை முடித்துவிட்டு, முதல் ஆண்டு ஒன்பது இடங்களுக்கு அனுப்பினேன். ஒன்பதிலும் மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏழு இடங்களுக்கு அனுப்பியதில் ஒன்று கிடைத்தது. பட்டம் முடித்து ஊர் திரும்பிய பிறகு, ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் பகுதி மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தித் தருகிறேன். எப்படி எழுதுவது என்று கேட்பவர்களைவிட, அனுப்பிய பிறகு எப்படி இருப்பது என்று கேட்பவர்களே அதிகம். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. இந்தியாவுக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

டிசம்பரில் அனுப்பிவிட்டேன். பதில் எப்போது வரும்?

பெரும்பாலான துறைகளின் கடைசித் தேதி டிசம்பர் 1 முதல் 15க்குள் விழும். சில துறைகள் ஜனவரியிலும் வாங்கும். டிசம்பர் கடைசியில் அங்கே விடுமுறைக் காலம் என்பதால், சேர்க்கைக் குழு உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிப்பது பெரும்பாலும் ஜனவரியில்தான். உயிரியல், மருத்துவம் சார்ந்த துறைகள் ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணலுக்கு அழைக்கும். வேறு பல துறைகளில் நேர்காணலே இல்லாமல் நேராகக் கடிதம் வருவதும் உண்டு. முதல் சுற்று அனுமதிக் கடிதங்கள் பிப்ரவரியிலும் மார்ச்சின் முற்பகுதியிலும் வரும். மறுப்புகள் அதற்குப் பின்னால் வரும். சில துறைகள் ஏப்ரல் கடைசி வரை இழுக்கும்.

இந்தக் காலண்டரில் மனப்பாடமாக இருக்க வேண்டிய நாள் ஏப்ரல் 15. உதவித்தொகையுடன் இடம் பெற்ற மாணவர் அதற்கு முன்பு முடிவு சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்று அங்குள்ள பட்டமேற்படிப்புப் பள்ளிகள் சேர்ந்து ஒரு தீர்மானம் வைத்திருக்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் அதில் கையெழுத்திட்டவை. இரண்டு மூன்று இடம் கையில் வைத்திருப்பவர்கள் அந்த நாளை ஒட்டித்தான் மற்றவற்றை விடுவார்கள். அப்படி விடும் இடங்கள்தான் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போகும். ஆகவே மார்ச் 10ஆம் தேதி எந்தப் பதிலும் வரவில்லை என்றால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. மே 10ஆம் தேதியும் வரவில்லை என்றால் துறை அலுவலகத்துக்கு இரண்டு வரியில் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

இரவெல்லாம் விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தை (போர்ட்டல்) திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி நிறுத்துவது?

இந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஒன்பதுக்கு அலுவலகம் திறக்கும்போது நமக்கு இரவு ஏழரை. அவர்கள் மாலை ஐந்துக்கு மூடும்போது நமக்கு அதிகாலை மூன்றரை. நாம் தூங்க வேண்டிய நேரம் முழுவதும் அவர்களுக்கு வேலை நேரம் என்பதால், இந்த நிமிடம் யாரோ என் பெயருக்கு எதிரே எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு விடாது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கைபேசி வெளிச்சம் அம்மாவின் முகத்தில் படாமல் போர்வைக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற அதே வரியை ஒரே இரவில் பதினோரு முறை படித்திருக்கிறேன். மறுநாள் காலை நான் பாடம் நடத்திய முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு தப்பாக இருந்தது. முன்வரிசை மாணவி எழுந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மனக்கட்டுப்பாட்டை மட்டும் நம்பினால் இது நிற்காது. எனக்கு உதவியது ஒரு தாள். விண்ணப்பித்த இடங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, எதிரே 'பார்க்கும் நேரம்: காலை 6.30' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். கிழக்குக் கரையானாலும் கலிஃபோர்னியாவானாலும் அவர்களுடைய ஒரு நாளின் வேலை நமக்குக் காலை ஆறரைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தால் முந்தைய நாளின் செய்தி முழுவதும் கையில் வந்துவிடும். இரவில் பார்ப்பதால் ஒரு செய்திகூட முன்கூட்டிக் கிடைக்கப்போவதில்லை. எதற்கும் கெடு கொடுத்துத்தான் எழுதுவார்கள். நேர்காணல் அழைப்பு வந்தாலும் பதில் சொல்ல ஒன்றிரண்டு நாளாவது இருக்கும். போர்ட்டலின் கடவுச்சொல்லைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு, மேசையில் இருக்கும் கணினியில் மட்டும் வையுங்கள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றாலே பாதி முறை கை நின்றுவிடும்.

என்னுடன் அதே துறைக்கு விண்ணப்பித்தவருக்கு அழைப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவ்வளவுதானா?

இல்லை. கடிதங்கள் ஒரே நாளில் போவதில்லை. துறையின் உட்பிரிவுகள் தனித்தனியாகக் கூடிப் பேசுகின்றன. கரிம வேதியியல் குழு ஜனவரி கடைசியில் முடித்திருக்கும், இயற்பிய வேதியியல் குழு பிப்ரவரி நடுவில்தான் கூடும். வெளிநாட்டு மாணவர்களின் கோப்புகளைத் தனியாகப் பிரித்துப் பின்னால் பார்க்கும் துறைகளும் இருக்கின்றன. பரிந்துரைக் கடிதம் ஒன்று தாமதமாக வந்து சேர்ந்திருந்தால் உங்கள் கோப்பு அடுத்த தொகுப்பில் போயிருக்கும்.

இணையத்தில் 'எனக்குக் கிடைத்துவிட்டது' என்று யாரோ போடும் பதிவுகளைக் கூட்டிக் கழித்துத் தன் நிலையைக் கணிக்கப் பார்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அங்கே எழுதுபவர் உங்கள் பிரிவா, அவர் எழுதியது உண்மையா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் விடை வராது.

முதல் வகுப்பு, தங்கப் பதக்கம், ஒரு ஆய்வுக் கட்டுரை. எல்லாம் இருந்தும் ஏன் மறுத்தார்கள்?

இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நமக்குப் பழக்கமான சேர்க்கை முறை கட்-ஆஃப் முறை. பன்னிரண்டாம் வகுப்பில் இத்தனை மதிப்பெண் என்றால் இந்தக் கல்லூரி. அரை மதிப்பெண் குறைந்தால் அடுத்த கல்லூரி. தரவரிசை எண் கையில் இருக்கும். நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். கிடைக்காவிட்டால் காரணம் நம்முடைய மதிப்பெண். பதினேழு வயதில் படிந்த இந்தக் கணக்கை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் போட்டுப் பார்க்கிறோம். அங்கே அந்தக் கணக்கே கிடையாது.

அங்கே நடப்பது ஏறக்குறைய ஆள் எடுப்பது போன்றது. ஒரு துறைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும், சேர்க்கப்போவதோ சில பேரை. அந்தச் சில பேருக்கும் ஐந்தாறு ஆண்டு கல்விக் கட்டணமும் மாதாந்திர உதவித்தொகையும் துறையோ ஒரு பேராசிரியரின் ஆய்வு மானியமோ கொடுக்க வேண்டும். உங்கள் கோப்பு மேசைக்கு வரும்போது அவர்கள் பார்ப்பது மதிப்பெண்ணை மட்டுமல்ல. நீங்கள் பெயர் குறிப்பிட்ட பேராசிரியர் இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா? அவருடைய மானியம் புதுப்பிக்கப்பட்டதா? சென்ற ஆண்டு அவரிடம் எதிர்பார்த்ததைவிட இரண்டு பேர் கூடுதலாகச் சேர்ந்துவிட்டார்களா? அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறாரா? இவற்றில் எதுவும் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வராது. மறுப்புக் கடிதத்தில் 'தகுதியுள்ள பலரை ஏற்க இயலவில்லை' என்று ஒரு வரி இருக்கும். சம்பிரதாயத்துக்கு எழுதியது என்று நாம் அதைத் தள்ளிவிடுகிறோம். அந்தக் கடிதத்திலேயே மிக உண்மையான வரி அதுதான்.

அண்மை உதாரணம் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், ஆய்வு மானியங்களுடன் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகையை (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளுக்கானது) 15 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் அடுத்த சில வாரங்களுக்குள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் முனைவர் பட்டச் சேர்க்கையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, அந்த ஆண்டு சேரவிருந்தவர்களுக்குக் கொடுத்திருந்த இடங்களையே திரும்பப் பெற்றது. கையில் கடிதம் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆய்வுத் திறமையில் அவர்களுக்கு ஒரே இரவில் என்ன குறைந்துபோனது? ஒன்றுமில்லை. பணம் குறைந்தது. அறிவியல் துறைகளுக்கு மட்டும் வந்த நிலைமை என்றும் நினைக்க வேண்டாம். பாஸ்டன் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே, 2024 நவம்பரில், மானுடவியல், சமூகவியல், ஆங்கிலம், வரலாறு உள்ளிட்ட ஒரு டஜன் துறைகளில் அடுத்த ஆண்டுச் சேர்க்கையை நிறுத்தியது. சிகாகோ பல்கலைக்கழகம் 2025 ஆகஸ்டில் கலை, மனிதவியல் (Arts & Humanities) புலத்தின் பல துறைகளில் அதையே செய்தது.

இதனால் விண்ணப்பத்தைச் சரியாக எழுத வேண்டாம் என்று ஆகிவிடாது. எழுதுவதில் குறை இருந்தால் அது நம் பொறுப்பு, திருத்தத்தான் வேண்டும். ஆனால் ஒரு மறுப்பு வந்ததும், 'நான் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லாதவன்' என்ற முடிவுக்குப் போகிறீர்களே, அதற்கு அந்தக் கடிதத்தில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத முடிவுக்கு வரக் கூடாது என்பதுதானே ஆராய்ச்சியின் முதல் பாடம்?

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பித்தால் பத்திரம்?

எண்ணிக்கையைக் கூட்டினால் பயம் குறையும் என்று தோன்றும். பணம்தான் குறையும். ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை கட்டணம். ஒன்பது இடம் என்றால் இன்றைய மதிப்பில் எழுபதாயிரம் ரூபாய்க்கு அருகில் போய்விடும். அன்று எனக்கு அது மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்துத்தான் கொடுத்தார்.

ஐந்து முதல் எட்டு இடம் போதும் என்பது என் கருத்து. ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் சேர்ந்து வேலை செய்ய விரும்பும் பேராசிரியர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவரை மட்டுமே நம்பி ஓர் இடத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். பொருளாதார நெருக்கடி உள்ளவர்களுக்குக் கட்டண விலக்கு கொடுக்கும் துறைகள் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல இடங்களில் கிடைக்காது என்றாலும், துறையின் சேர்க்கை அலுவலருக்கு எழுதிக் கேட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஜி.ஆர்.இ. என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. கேட்காத இடங்களாகப் பார்த்து எடுத்தால் அந்தத் தேர்வுச் செலவும் மிச்சம்.

'நிச்சயம் இடம் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் முகவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முனைவர் பட்டச் சேர்க்கையில் யாராலும் எதையும் நிச்சயப்படுத்த முடியாது. உங்கள் நோக்க அறிக்கையை (ஏன் இந்த ஆய்வு என்று விண்ணப்பத்துடன் எழுதும் கட்டுரை) அவர் எழுதித் தந்தால், நான்கு பேர் பெயரில் அதே அறிக்கை போயிருக்கும்.

பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை.

இருபதுக்கு இரண்டு பதில் வந்தால் நல்ல அறுவடை. பதில் வராததை மறுப்பு என்று எடுக்க வேண்டாம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பியிருந்தால், பெறுபவர் பெண்ணாக இருந்தாலும் 'ஐயா' என்றே போயிருக்கும். அதைத் திருத்துங்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியை மூன்று வரியில் எழுதி, 'அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா?' என்று முடியுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். 'இல்லை' என்று பதில் வந்தால் மனம் வாடும்தான். ஆனால் ஓர் இடத்தின் கட்டணமும் நான்கு மாதக் காத்திருப்பும் மிச்சம்.

காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், இடம் கொடுத்தால் வருவேன் என்று ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இடையில் கட்டுரை ஏற்கப்பட்டது போன்ற புதிய செய்தி இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வாரந்தோறும் எழுத வேண்டாம். ஏப்ரல் 10 முதல் 16 வரை மட்டும் இரவிலும் கைபேசியைத் திறந்து வைத்திருங்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு நான் அனுமதி கொடுக்கும் வாரம் அது ஒன்றுதான். எனக்குக் கிடைத்த அந்த ஒரே இடம் காத்திருப்போர் பட்டியலிலிருந்து வந்தது, ஏப்ரல் 15 இரவு பதினொன்றே முக்காலுக்கு.

இந்தியாவிலேயே பிஎச்.டி. செய்ய விண்ணப்பிக்கிறேன். எனக்கும் இதே நிலைதானா?

உங்கள் நிச்சயமின்மை வேறு மாதிரியானது. இங்கே தேர்வு இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, ஆனால் அதன் பிறகும் கதவு திறக்காமல் நிற்கிறது.

2024ஆம் ஆண்டு ஜூன் பருவத்திலிருந்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகைக்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைக்கும். மற்ற இரு வகையினர் அந்த மதிப்பெண்ணைக் காட்டி முனைவர் பட்டச் சேர்க்கை கோரலாம். அவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதமும் எடை. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். பலர் இந்த ஓராண்டுக் கெடுவைக் கவனிக்காமல் கோட்டைவிடுகிறார்கள். முடிவு வந்த நாளிலேயே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல், ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான நெறியாளர். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. நீங்கள் ஜே.ஆர்.எஃப். வாங்கியிருந்தாலும் அவரிடம் காலியிடம் இல்லை என்றால் இல்லைதான். ஆகவே நேர்முகத் தேர்வுக்கு முன்பே துறை அலுவலகத்தில் எந்த நெறியாளரிடம் எத்தனை காலியிடம் என்று கேளுங்கள். தயங்கித் தயங்கி நிற்க வேண்டிய கேள்வி அல்ல இது. ஏற்கெனவே அவரிடம் ஆய்வு செய்யும் மாணவர்களிடமும் பேசுங்கள். அறையில் ஆறு பேர் இருந்தால் ஆறாவது ஆண்டில் இருப்பவர் எப்போது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப்போகிறார் என்பதுதான் உங்களுக்குத் தேவையான தகவல்.

தேர்வே நிலையில்லாமல் போன ஆண்டும் உண்டு. 2024 ஜூன் 18 அன்று நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெட் எழுதினார்கள். மறுநாளே அது ரத்து செய்யப்பட்டது. மறுதேர்வு ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடந்தது. அந்த ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண், தென்காசியிலிருந்து கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய் எழுதியவர். மறுதேர்வுக்குப் படிக்க மனம் வரவில்லை என்றார். பாடப்பகுதி முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டாம், ஜூனில் தடுமாறிய கேள்விகளை மட்டும் நினைவிலிருந்து எழுதுங்கள் என்றேன். முப்பத்தொன்று எழுதிக் கொண்டுவந்தார். அந்த முப்பத்தொன்றைச் சுற்றி மட்டும் இரண்டு மாதம் படித்தார். நெட் கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. இப்போது உதவித்தொகை இல்லாமல் பகுதி நேரமாகச் செய்துகொண்டிருக்கிறார். இதை முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஜே.ஆர்.எஃப். தொகையான மாதம் 37,000 ரூபாய் வருவதும் வராததும் ஒன்றல்ல.

வீட்டில் தினமும் 'என்ன ஆச்சு?' என்று கேட்கிறார்கள். உறவினர்களுக்கு என்ன சொல்வது?

நம்பிக்கையைச் சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். 'கிடைத்துவிடும் அம்மா' என்று சொன்னால் அடுத்த நாளே 'கிடைத்துவிட்டதா?' என்று கேட்பது இயல்புதானே? 'பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்த அன்றே சொல்கிறேன். வராவிட்டால் ஏப்ரல் 16 அன்று நானே உட்கார்ந்து பேசுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் ஆண்டு அப்படிச் சொன்ன பிறகு அப்பா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார்.

பெண்களுக்கு இந்தக் கேள்வியின் எடை வேறு. பதில் வருவதற்குள் வரன் வந்துவிடும். 'ஏப்ரல் வரை பொறுங்கள்' என்று சொன்னால், 'கிடைக்காவிட்டால் கல்யாணம்' என்று அதையே ஒப்பந்தம் ஆக்கிவிடுவார்கள். விண்ணப்பத்தின் முடிவையும் திருமணத்தின் முடிவையும் ஒரே கயிற்றில் கட்ட விடாதீர்கள். இதைத் தனியாகப் பேசிச் சமாளிக்க முடியாவிட்டால், வீட்டில் மதிப்புள்ள ஒருவரை, சித்தப்பாவோ பள்ளி ஆசிரியையோ, அழைத்து உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். நான் இரண்டு வீடுகளுக்கு அப்படிப் போய்ப் பேசியிருக்கிறேன். ஒரு வீட்டில் கேட்டார்கள், ஒரு வீட்டில் கேட்கவில்லை.

முழு நேரமும் இதற்கே ஒதுக்கலாம் என்று வேலையை விட்டுவிடலாமா?

வேண்டாம். அனுப்பிய பிறகு செய்வதற்கு நாளுக்குப் பத்து நிமிட வேலைகூட இருக்காது. மீதி நேரம் முழுவதும் காத்திருப்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். சம்பளம் குறைவாக இருந்தாலும் ஆய்வகத்தோடு, வகுப்பறையோடு, நூலகத்தோடு தொடர்புள்ள ஒரு வேலையில் இருங்கள். ஆய்வுத் திட்ட உதவியாளர் பணிகளுக்கு ஐஐடி, மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள், பல்கலைக்கழகத் துறைகள் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கின்றன. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்க நேர்ந்தால் அந்த வேலைதான் உங்கள் நோக்க அறிக்கையின் முதல் பத்தி.

இடம் கிடைத்துவிட்டது. இனி நிம்மதிதானே?

கொண்டாடுங்கள், முழு மனதோடு. ஆனால் விசா முத்திரை விழும் வரை வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம். பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவம் வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். படிவம் வந்த வாரத்திலேயே கட்டி விசா நேர்காணலுக்கான ஸ்லாட்டைப் பிடியுங்கள். 2025 மே கடைசியில் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவதை அமெரிக்கா மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. ஜூன் நடுவில் திறந்தபோது சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற புதிய விதியும் சேர்ந்தது. ஏப்ரலிலேயே முடித்தவர்களுக்கு இந்தத் தவிப்பு இல்லை. சேரும் நாளைத் தள்ளிப்போட முடியுமா என்பதைத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைப்பதும் நல்லது.

மறுப்பு வந்த நாளை எப்படிக் கடப்பது?

அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். சாப்பிடுங்கள். ஒருவரிடமாவது சொல்லுங்கள். என் ஒன்பதாவது மறுப்பு வந்தது ஒரு சனிக்கிழமை காலை. தாமிரபரணிப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், 'ஏன் தம்பி, வேலை போச்சா?' என்று கேட்டார். 'இல்லை பாட்டி, படிக்க இடம் கிடைக்கவில்லை' என்றேன். 'எத்தனாவது படிக்கப் போற?' என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் துவைத்து முடித்து, ஈரத் துணியோடு சிறிது நேரம் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

தூக்கம் இல்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தாலோ, அது விண்ணப்பத்தின் கவலையைத் தாண்டிவிட்டது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற அரசின் சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. கூப்பிடுங்கள். தகுதி உள்ளவர்கள் கூப்பிடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மறுபடி விண்ணப்பிக்கலாமா? எதை மாற்ற வேண்டும்?

விரும்பினால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். சென்ற முறை மறுத்த துறைக்கே மறுபடி அனுப்பலாம். ஏற்கெனவே மறுத்ததைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

என் இரண்டு நோக்க அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதலாவது 'சிறு வயது முதலே எனக்கு வேதியியல் மீது ஆர்வம்' என்று தொடங்கும். இரண்டாவது, எங்கள் ஆய்வகத்தில் ஒரு வினையூக்கி நான்காவது முறை பயன்படுத்தும்போது ஏன் செயலிழந்தது என்பதில் தொடங்கும். பரிந்துரைக் கடிதங்களிலும் ஒரு மாற்றம் செய்தேன். முதல் ஆண்டு என்னை வகுப்பில் மட்டுமே பார்த்த முதல்வரிடம் பதவிக்காக வாங்கினேன். அடுத்த ஆண்டு ஆய்வகத்தில் என்னுடன் நின்ற உதவிப் பேராசிரியரிடம் வாங்கினேன். தனிப்பட்ட முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சில துறைகள் ஏற்பதில்லை என்பதால், அவர் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையே கொடுக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் முறையும் கிடைக்காவிட்டால்? ஜெர்மனியில் முனைவர் ஆய்வாளர் பணியிடங்கள் ஆண்டு முழுவதும் தனித்தனியாக விளம்பரமாகின்றன. பல இடங்களில் அது சம்பளம் உள்ள வேலை. முதுகலை முடித்தவர்களுக்கு அங்கே வழி இருக்கிறது. இந்தியாவில் செய்வதும் குறைந்தது அல்ல. செய்யாமலே விட்டுவிட்டு மகிழ்ச்சியாக இருப்பவர்களும் என் நண்பர்களில் இருக்கிறார்கள். எத்தனை ஆண்டு கொடுப்பது என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மறுப்பு வந்த பிறகு அந்த எண்ணை நிதானமாக முடிவு செய்ய முடியாது.

பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்த பேராசிரியரிடம், இடம் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

உடனே சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு நான்கு மாதம் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். மாடிப்படியில் அவர் ஏறி வந்தால் கழிப்பறைக்குள் போய் நிற்பேன். ஆகஸ்டில் ஒரு நாள் ஆய்வகக் கதவருகே பிடித்துவிட்டார். எல்லாம் போய்விட்டது சார் என்றேன். 'தெரியும். கிடைத்திருந்தால் அன்றே ஓடி வந்திருப்பாயே' என்றார். மேசையிலிருந்த நாட்குறிப்பைத் திறந்து, நவம்பர் பக்கத்தைப் புரட்டி, எந்தத் தேதிக்குள் எத்தனை கடிதம் வேண்டும் என்று கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.